இறந்தவர்களின் பெயரால் வந்த பணம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நான் வசிக்கும் கவுண்டியில் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி), ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி நிவாரணிகள் தொடர்பான வழக்குகளில் மருந்து நிறுவனங்கள் தரும் சமரசத் தொகையை எதற்குச் செலவிடலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடந்தது. நாற்பது நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. வந்திருந்தவர்கள் பதினொரு பேர். அவர்களிலும் ஏழு பேர் கவுண்டியின் ஊழியர்கள். மீதி நால்வரில் ஒருவர், இறந்துபோன தம் மகனின் பள்ளிப் படத்தைச் சட்டமிட்டு மடியில் வைத்தபடி முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய். அதிகாரி திரையில் காட்டிய அட்டவணையில், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்தத் துறைக்கு எவ்வளவு என்பது ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாய் எழுந்து, "இதை எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டார். அதிகாரி நேர்மையானவர்; மழுப்பாமல், வரைவு தயாராகி இரண்டு மாதங்கள் ஆகின்றன என்று உள்ளதைச் சொன்னார். அப்படியானால் இன்று எங்களை எதற்காக அழைத்தீர்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை; அமைதியாக உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி இத்தனை மாதங்களாக என்னை விட்டு நீங்கவில்லை.

இந்தப் பணத்தின் வரலாற்றை அறியாதவர்களுக்காகச் சிறிது பின்னே போக வேண்டியிருக்கிறது. பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996இல் ஆக்ஸிகாண்டின் என்னும் வலி நிவாரணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்து உடலில் மெல்ல மெல்ல உறிஞ்சப்படுவதால் அது தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்புக் குறைவு என்று நம்பப்படுவதாக, அதன் குறிப்புத்தாளிலேயே ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தது. 2001இல்தான் அது நீக்கப்பட்டது. 2007இல் பர்டியூவைச் சேர்ந்த நிறுவனமும் அதன் மூன்று உயர் அலுவலர்களும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கும் மேல் செலுத்தினார்கள். ஆனால் விற்பனை நிற்கவில்லை. 2006 முதல் 2012 வரையிலான ஏழு ஆண்டுகளில் மட்டும் 7600 கோடி ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் என்னும் ஓபியாய்டு மாத்திரைகள் அமெரிக்கா முழுவதும் அனுப்பப்பட்டன என்ற அரசுத் தரவு, நீதிமன்ற உத்தரவினால் 2019இல் வெளியே வந்தது. மேற்கு வர்ஜீனியாவில் ஏறத்தாழ 400 பேர் வாழும் கெர்மிட் என்ற சிற்றூரின் ஒரு மருந்துக் கடைக்கு இரண்டே ஆண்டுகளில் 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பிறகு மருத்துவர்கள் சீட்டெழுதுவதைக் குறைத்தபோது, மாத்திரைக்குப் பழகிப்போன உடல்கள் ஹெராயினைத் தேடின. அதற்கடுத்து, அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபெண்டனில் என்னும் ஓபியாய்டு வந்தது. 1999 முதல் 2023 வரை இந்நாட்டில் ஓபியாய்டு வகை மருந்துகளால் மாண்டவர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர்.

மாநிலங்களும் கவுண்டிகளும் நகராட்சிகளும் பூர்வகுடி அரசுகளும் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தன. 2021 ஜூலையில் மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று மொத்த விநியோக நிறுவனங்கள் 18 ஆண்டுகளில் 2100 கோடி டாலர் வரையிலும், ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி டாலர் வரையிலும் தருவதாக உடன்பாட்டுக்கு வந்தன. அடுத்து டேவா, அலர்கன் ஆகிய தயாரிப்பாளர்களும், சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட் ஆகிய கடைச் சங்கிலிகளும் வந்தன. பர்டியூவின் முந்தைய ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் நிராகரித்த பிறகு, 740 கோடி டாலருக்குப் புதிய உடன்பாடு 2025இல் உருவானது. எல்லாவற்றையும் கூட்டினால் 5000 கோடி டாலரைத் தாண்டுகிறது.

அந்த 7600 கோடி மாத்திரைகளில் சிலவற்றை எண்ணிக் கொடுத்தவள் நான். தமிழ்நாட்டில் மருந்தியல் படித்து, இங்கே உரிமத் தேர்வுகள் எழுதி, 2006இல் ஒரு சில்லறை மருந்துக் கடையில் மருந்தாளுநராகச் சேர்ந்தேன். எண்ணும் தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, தட்டைக் கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கிக் குப்பியில் தள்ளுவது அன்றாட வேலை. அன்று ஹைட்ரோகோடோன் கலவை மாத்திரைகளுக்கு ஆறு மாதங்களில் ஐந்து முறை வரை மறுநிரப்பல் தரலாம். 2014 அக்டோபரில்தான் அந்த வசதி எடுக்கப்பட்டது. ஒரு மருந்துச் சீட்டுக்கு எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்பதை மேலிடம் திரையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. 120 மாத்திரை, 180 மாத்திரை என்று வரும் சீட்டுகளைப் பார்த்துச் சில நாட்கள் தயங்கியிருக்கிறேன். மருத்துவரை அழைத்துக் கேட்டும் இருக்கிறேன். பல நாட்கள் எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்திருக்கிறேன். பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் அளவுக்குப் பழகிய வாடிக்கையாளர்களில் இருவரின் இறப்பு அறிவிப்பைப் பிறகு செய்தித்தாளில் பார்த்தேன். இந்த விஷயத்தில் நான் வெளியிலிருந்து பேசவில்லை என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

இந்நாடு இதே போன்ற ஒரு பணத்தை முன்பும் கண்டிருக்கிறது. 1998இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணத்தைப் புகைப்பழக்கத் தடுப்புக்கே செலவிட வேண்டும் என்று அந்த உடன்பாடு கட்டாயப்படுத்தவில்லை. விளைவு, பெரும்பகுதி மாநிலங்களின் பொதுச் செலவில் கரைந்தது. சாலைக்கும் வரவுசெலவுப் பற்றாக்குறைக்கும் போனது. தடுப்புக்கு மிகச் சிறிய பங்கே எஞ்சியது. அந்தக் கசப்பை நினைவில் வைத்துத்தான், ஓபியாய்டு உடன்பாட்டில் குறைந்தது 85 சதவீதத்தை இந்தப் பேரிடரின் பாதிப்பைச் சரிசெய்யவே செலவிட வேண்டும் என்று எழுதினார்கள். அந்த விதி நல்ல விதி. ஆனால் "பாதிப்பைச் சரிசெய்வது" என்ற சொற்களுக்குள் எதை வேண்டுமானாலும் திணிக்க முடியும் என்பதை அடுத்தடுத்த ஆண்டுகள் காட்டின. டென்னசியின் கிரீன் கவுண்டி 24 லட்சம் டாலருக்கும் மேலான தொகையைப் பழைய கடனை அடைக்க ஒதுக்கியது. வேறு இடங்களில் காவல் வாகனங்கள் வாங்கப்பட்டன. இன்னொரு வழியும் இருக்கிறது, அது கண்ணுக்கே தெரியாது: ஏற்கெனவே கவுண்டி தன் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவந்த சிகிச்சைச் செலவை நிறுத்திவிட்டு, அதே செலவைச் சமரசத் தொகையிலிருந்து எழுதிக்கொள்வது. ஏட்டில் எல்லாம் விதிப்படியே இருக்கும். நோயாளிக்குக் கூடுதலாக ஒரு காசும் போய்ச் சேர்ந்திருக்காது.

இந்தத் தந்திரங்களைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை மாலை சிகிச்சை மையத்தின் கதவு மூடியிருக்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர், அந்தக் கதவின் முன் நின்றவர்தான். அவர் கணக்கு எழுதும் அறைக்குள் இருக்க வேண்டும். அதுவும் எழுதுவதற்கு முன்பே இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பந்தி முடிந்த பிறகு இலை போட்டு அழைப்பதை நாம் விருந்து என்று சொல்வதில்லை.

வட கரோலினாவின் ஏற்பாடு இதற்கு இடம் தருகிறது என்பதை அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். 2022 முதல் 2038 வரை இம்மாநிலத்துக்கு வரவிருப்பது ஏறத்தாழ 150 கோடி டாலர். அதில் 85 சதவீதம் நேரடியாக உள்ளாட்சிகளுக்குப் போகிறது. 100 கவுண்டிகளும் 17 நகராட்சிகளும் அதைப் பெறுகின்றன. பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எந்தச் செயலுக்கு எவ்வளவு என்று கவுண்டி ஆணையர்கள் குழு தீர்மானம் இயற்றாமல் ஒரு டாலரையும் செலவிட முடியாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, பொதுமக்களுக்குத் திறந்த ஒரு கூட்டத்துக்குக் கவுண்டி தன் நகராட்சிகளை அழைத்து யோசனை கேட்க வேண்டும். செலவிடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், பயன் உறுதியான பன்னிரண்டு செயல்களின் குறும்பட்டியலிலிருந்து கவுண்டி நேரடியாகத் தேர்ந்துகொள்ளலாம்: மருந்துடன் கூடிய சிகிச்சை, ஓபியாய்டு அளவு மீறியவரின் மூச்சை மீட்கும் நாலாக்சோன் மருந்து வழங்கல், மீண்டு வருபவர்களுக்கான வீடு, பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது தரும் ஊசி மாற்று மையம், சிறையில் உள்ளவர்களுக்குச் சிகிச்சை, விடுதலையானவர்களுக்குத் துணை என அது நீள்கிறது. இரண்டாம் வழியில், தேசிய உடன்பாட்டின் நீண்ட பட்டியலிலிருந்து எதையும் எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் பலதரப்பினரைக் கூட்டித் திட்டமிட்டு, அவர்களுடைய பரிந்துரையை ஆணையர்கள் முன் வைத்தாக வேண்டும். அந்தப் பலதரப்பினர் யார் என்று உடன்பாடே பெயர் சொல்கிறது. அலுவலர்கள், மருத்துவர்கள், காவல்துறையினர், முதலாளிகள் ஆகியோருடன், போதைப்பொருளைப் பயன்படுத்துபவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள், மீண்டவர்கள், சிறை சென்று வந்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோரும் அதில் இருக்கிறார்கள்.

முதல் வழியிலும் ஒன்றைக் கவனித்தேன். பன்னிரண்டு செயல்களில் முதலாவதாக எழுதப்பட்டிருப்பது, கூடித் திட்டமிடுவதுதான். அதாவது, மக்களைக் கூட்டுவதற்கு ஆகும் செலவையே இந்தப் பணத்திலிருந்து எடுக்கலாம். "அதற்கு நிதி இல்லை" என்ற பதில் இங்கே செல்லாது.

அந்தத் தாயும், தாம் மீண்ட பிறகு பிறர் மீள்வதற்குத் துணை நிற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரும், ஊசி மாற்று மையத்தில் பணிபுரியும் செவிலியரும், ஒரு பாதிரியாரும், நானும் சேர்ந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். வரைவை ஓராண்டுக்கு மட்டும் ஏற்று, மற்ற ஆண்டுகளுக்குக் கூடித் திட்டமிட வேண்டும் என்று கேட்டோம். ஆணையர்கள் ஒப்புக்கொண்டார்கள், எங்கள் கடிதத்தின் வலிமையைவிட, அந்த ஆண்டு எங்கள் கவுண்டியில் நேர்ந்த இறப்புகளின் எண்ணிக்கைதான் அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தது என்று நினைக்கிறேன். பதினாறு பேர் கொண்ட குழு அமைந்தது. அவர்களில் ஆறு பேர் தாமே மீண்டவர்கள் அல்லது சிகிச்சையில் இருப்பவர்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் காட்சிப்பொருளாகிவிடுவார், எல்லாருடைய வலியையும் அவரே சுமந்து பேச வேண்டியிருக்கும் என்று பாதிரியார் பிடிவாதமாக நின்றதால் கிடைத்த எண்ணிக்கை அது.

வருவதற்கு அவர்களுக்கு என்ன தேவை என்பதைத் தீர்ப்பதே முதல் ஆறு வாரங்களைத் தின்றது. அந்த ஆறு வாரங்களும் வீண் என்று அப்போது பலர் நினைத்தார்கள். இந்த முயற்சி முழுவதிலும் மிகப் பயனுள்ள காலம் அதுதான் என்று இப்போது நான் கருதுகிறேன். பிற்பகல் கூட்டம் என்றால் மணிக்கூலிக்கு வேலை செய்பவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். எனவே கூட்டம் மாலை 6 மணிக்கு மாறியது. பேருந்து மாலை 7 மணியோடு நின்றுவிடும். எனவே திரும்பிப் போக வண்டி வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அரசு அலுவலர் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கும் அதே மேசையில் மற்றவர் இலவசமாக உட்கார்ந்திருப்பது முறையில்லை என்பதால், ஒரு கூட்டத்துக்கு 50 டாலர் தருவதென்று முடிவானது. உடனே நிதிப் பிரிவு சமூகப் பாதுகாப்பு எண்ணுடன் படிவம் கேட்டது. தம் பெயர் எந்த அரசுப் பட்டியலிலும் ஏறுவதை விரும்பாத ஒருவர், பணமே வேண்டாம் என்றார். இன்னொருவர், கையில் பணம் வாங்கினால் தம் வீட்டு வாடகை உதவி குறைந்துவிடுமோ என்று அஞ்சினார். கடைசியில், மளிகைக் கடையில் பயன்படுத்தக்கூடிய அட்டையாகக் கொடுக்கலாம் என்று ஒரு வழி பிறந்தது. சட்ட வழக்கறிஞர் ஒருவர் இரண்டு வாரம் செலவிட்டுச் சரிசெய்த அந்தச் சிறு விஷயம் இல்லாவிட்டால், அந்த ஆறு நாற்காலிகளில் பாதி காலியாகவே இருந்திருக்கும்.

வர முடியாதவர்களிடம் நாங்கள் போனோம். ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் என்னும் மருந்தைத் தரும் மையம் விடியற்காலை 5 மணிக்குத் திறக்கிறது. வேலைக்குப் போகும் முன் மருந்தை விழுங்கிவிட்டுப் போக வேண்டும் என்பதால் இருட்டிலேயே வரிசை நிற்கும். காப்பிப் பாத்திரத்துடன் அந்த வாகன நிறுத்துமிடத்தில் மூன்று நாட்கள் நின்று, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: சென்ற மாதம் உங்களுக்கு எது மிகக் கடினமாக இருந்தது? எங்கள் பட்டியலிலிருந்து எதை விரும்புகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. இதைச் சொல்லித் தந்தவர் மீண்டு வந்த அந்த நண்பர்தான். பட்டியலைக் காட்டினால் மக்கள் மரியாதைக்காக ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்.

கிடைத்த பதில்கள் மேசையிலிருந்து யாரும் ஊகித்திருக்க முடியாதவை. எங்கள் கவுண்டியில் மெத்தடோன் மையம் இல்லை; நாங்கள் நின்றது பக்கத்துக் கவுண்டியில். வரிசையில் நின்ற பலர் 35 மைல் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். வண்டி பழுதானால் சிகிச்சையும் அன்றோடு நின்றுபோகும் என்றார்கள். ஒருவர், மீட்சி இல்லம் தம்மை ஏற்க மறுத்துவிட்டதாகச் சொன்னார். காரணம், அவர் மெத்தடோனைப் போன்ற சிகிச்சை மருந்தான புப்ரெனார்ஃபின் எடுக்கிறார், அந்த இல்லத்தின் பார்வையில் அதுவும் போதைதான். மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் இறப்பு அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன என்பது மருத்துவ உலகில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. உயிர் காக்கும் மருந்தை எடுப்பதாலேயே ஒருவருக்குப் படுக்கை மறுக்கப்படுகிறது. கவுண்டியின் வரைவில் மீட்சி இல்லங்களுக்குத் தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்த நிபந்தனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிறையில் கேட்டது என்னை இன்னும் ஆழமாகத் தாக்கியது. வட கரோலினாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் ஓபியாய்டினால் இறக்கும் வாய்ப்பு, பொது மக்களுடன் ஒப்பிட்டால் 40 மடங்கு என்று கண்டது. உள்ளே இருந்த காலத்தில் உடல் மருந்தைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும்; வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இது எனக்குப் பாடமாகத் தெரியும். எனக்குத் தெரியாதது, எங்கள் கவுண்டிச் சிறையில் பிணை கிடைத்தவர்களைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில் வெளியே விடுகிறார்கள் என்பது. சிகிச்சை மையம் திங்கட்கிழமைதான் திறக்கும். இடையில் இரண்டு பகல், மூன்று இரவு. ஒரு பெண் கைதி அதை எந்த உணர்ச்சியும் காட்டாமல் சொன்னார். தமக்குத் தெரிந்த இருவர் அந்த மூன்று இரவுகளுக்குள் இறந்ததாகவும் சொன்னார். வரைவில் சிறைக்காக இருந்த ஒதுக்கீடு, உடலை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் ஒன்றுக்கு மட்டுமே.

மக்களைக் கூட்டினால் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகளை இழந்த ஒரு தந்தை ஊசி மாற்று மையத்துக்கு ஒரு டாலரும் கொடுக்கக் கூடாது என்று கடைசி வரை நின்றார். அந்த மையங்கள் 2016 முதல் இம்மாநிலத்தில் சட்டபூர்வமானவை, நோய்த் தொற்றைக் குறைக்கின்றன, சிகிச்சைக்கு வழிகாட்டுகின்றன என்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். தந்தைக்கு அவை அனைத்தும் தெரியும். "என் மகளின் கையில் ஊசி இருந்ததை நான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு அந்த அறையில் யாரும் விடை தேடவில்லை. வாக்கெடுப்பில் மையத்துக்கு ஆதரவாகப் பதினொருவர், எதிராக ஐவர். நான் ஆதரவாக வாக்களித்தேன்; இன்றும் அது சரியென்றே கருதுகிறேன். ஆனால் அந்தத் தந்தையின் மாற்றுக் கருத்து, அவருடைய சொற்களிலேயே, ஆணையர்களுக்குப் போன அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் இடம்பெற்றது. அடுத்த கூட்டத்துக்கும் அவர் வந்தார்.

எங்கள் பரிந்துரைகளில் எல்லாம் ஏற்கப்படவில்லை. ஸ்கேனர் வாங்கப்பட்டது, ஆனால் சமரசத் தொகையிலிருந்து அன்று, கவுண்டிச் சிறையை நடத்தும் ஷெரிஃபின் வழக்கமான நிதியிலிருந்து. சிறையில் புப்ரெனார்ஃபின் சிகிச்சை தொடங்கவும், விடுதலையாகும் எவருக்கும் ஏழு நாள் மருந்தும் நாலாக்சோன் தெளிப்பானும் கையில் கொடுத்தனுப்பவும் தீர்மானம் நிறைவேறியது. மருந்துடன் சிகிச்சை பெறுபவர்களை மறுக்கும் இல்லத்துக்கு நிதி இல்லை என்ற நிபந்தனை சேர்ந்தது. மையத்துக்குப் போய்வர வண்டி ஏற்பாடு ஆனது. பள்ளிகளில் ஒரு நாள் சொற்பொழிவு நடத்துவதற்கான தொகை, பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கான ஆலோசகர் ஒருவரின் சம்பளமாக மாறியது. அந்த யோசனை மெத்தடோன் வரிசையில் நின்ற ஒரு பாட்டியுடையது.

மற்ற மாநிலங்களைப் பார்க்கும்போது, இது எவ்வளவு எளிதில் வேறுவிதமாகப் போயிருக்கக்கூடும் என்று தெரிகிறது. ஒஹையோவில் தொகையின் 55 சதவீதத்தை நிர்வகிக்கத் தனி அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். அது தன் ஆவணங்களைக் காட்ட மறுத்தபோது, ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுத்து, அறக்கட்டளை பொது ஆவணச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று மாநில உச்ச நீதிமன்றத்தில் 2023இல் தீர்ப்புப் பெற்றது. சில வாரங்களிலேயே சட்டமன்றம் விதியை மாற்றி அறக்கட்டளைக்கு விலக்களித்தது. மாறாக ரோட் ஐலண்டில், ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி, மருத்துவக் கண்காணிப்பில் போதைப்பொருளைப் பயன்படுத்தும் மையத்துக்கே இந்தப் பணம் போனது. பிராவிடன்ஸ் நகரில் 2025இல் அது திறந்தது. அந்தத் தேர்வோடு உடன்படாதவர்கள் இருக்கலாம். ஆனால் எதற்கு, யாருடைய பரிந்துரையால் செலவானது என்று அங்கே எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. வட கரோலினாவில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. அந்தக் கூட்டங்கள் எதிலும் என்னைத் தவிர வேறொரு தமிழரை நான் காணவில்லை. நமக்கு இது நேராது என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. மருந்தாளுநராக நான் அறிந்ததை இங்கே எழுத முடியாது என்றாலும், ஞானப்பல் எடுத்த பிறகும் முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் எழுதப்படும் சீட்டு பெயரைப் பார்த்து வேறுபடுவதில்லை என்று மட்டும் சொல்கிறேன். மானம் என்று நாம் சொல்லிக்கொள்வது, தாங்க முடியாத தனிமையாக ஒரு வீட்டுக்குள் இறங்கிவிடும். மொழியும் அதற்குத் துணை போகிறது. "போதை அடிமை" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நீரிழிவு உள்ளவரைச் சர்க்கரை அடிமை என்று நாம் சொல்வதில்லை. குழுவின் அறிக்கைக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதியபோது, "போதைப் பழக்க நோய் உள்ளவர்" என்று எழுதினேன். நீளமான தொடர்தான். நோய் என்ற சொல் அதற்குள் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நீளத்தை ஏற்றுக்கொண்டேன்.

சென்ற மாதம் முதலாண்டுக் கணக்கை வைக்கும் கூட்டம் நடந்தது. மாலை 6 மணி; பாதிரியாரின் தேவாலயக் கூடம்; அறுபதுக்கும் மேற்பட்டோர். அந்தத் தாய் படத்தோடு வந்து அதே முதல் வரிசையில் அமர்ந்தார். எவ்வளவு செலவானது என்று அதிகாரி வாசித்து முடித்ததும் எழுந்து, "எத்தனை பேர் கையில் மருந்தோடு வெளியே போனார்கள்?" என்று கேட்டார். அதிகாரியிடம் செலவுக் கணக்கு இருந்தது, ஆட்கணக்கு இல்லை. பத்து நாட்களில் சொல்வதாகக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: விடுதலையானவர்களில் தகுதியுள்ள 61 பேரில் 38 பேர். மீதி 23 பேர் விட்டுப்போனதற்குக் காரணம், இரவுப் பணியில் செவிலியர் இல்லாதது. அந்தப் பணியிடத்துக்கான தீர்மானம் அடுத்த மாதம் ஆணையர்கள் முன் வருகிறது.

வட கரோலினாவில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்கள், தங்கள் கவுண்டியின் ஆண்டுக் கூட்டம் எந்தத் தேதியில் என்று ஆணையர் குழுவின் எழுத்தர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுவார்கள். வரைவு தயாராகிவிட்டதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.